புல்லிடை மறைந்த பகை

நம் முன்னோர் மலாயாக் காடுகளைத் திருத்தித் தோட்டங்களாக்கிய வரலாற்றை எழுதுமாறு மாணவரைப் பணித்தால், புலியையும் பாம்பையும் மலேரியாக் கொசுவையும் தவறாமல் எழுதுவர். அவர்கள் எழுதாது விடும் பகை ஒன்று உண்டு. மணல் துகளினும் சிறிய அப்பகை, லாலாங் புல்லின் அடியில் காத்திருந்து, உழைத்தவர் உடலில் ஏறியது. கடித்த பொழுது வலியில்லை. பத்து நாள் கழித்தே காய்ச்சல் வந்தது. ஆகவே எதனால் வந்ததென்று எவரும் அறிந்திலர். அதனைக் கண்டறிந்த வரலாறு பெரிதும் நம் நாட்டில் நிகழ்ந்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

உண்ணியும் சிற்றுண்ணியும்

ஆடு மாடுகளின் காதோரத்தில் ஒட்டியிருக்கும் உண்ணியை நாம் அறிவோம். அது பூச்சி இனமன்று. எட்டுக் கால்களுடைய சிலந்தியின் சுற்றம். உண்ணிக் கடியால் வரும் நோய்களுள் இன்று உலகறிந்தது லைம் நோய். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்னும் சிற்றூரின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. 1970களின் நடுவில், அவ்வட்டாரப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டதை முதலில் கவனித்துக் குரல் எழுப்பியோர் தாய்மாரே. அதன் பின்னரே மருத்துவர் ஆலன் ஸ்டியர் ஆராய்ந்தார். 1981இல் வில்லி பர்க்டார்பர் என்னும் அறிஞர் உண்ணியின் உடலுள் நோய்க் கிருமியைக் கண்டார்.

லைம் நோய்க்கு நம் தோட்ட வரலாற்றில் இடமில்லை. ஆயின் உண்ணியின் உறவினமாகிய சிற்றுண்ணிக்குப் பேரிடம் உண்டு. இதன் குஞ்சுப் பருவத்தில் கால்கள் ஆறே. அப்பருவத்தில் மட்டுமே அது உயிர்களைக் கடிக்கிறது. அதுவும் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை. வழக்கமாக அது நாடுவது எலியை. மனிதன் அவ்வழியே போனால் மனிதனையும் விடுவதில்லை. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதால், ஒரு நிலத்தில் குடியேறிய நோய் எளிதில் அகல்வதில்லை. கடித்த இடத்தில், சுருட்டு நெருப்புப் பட்டாற்போலக் கருத்த பொருக்கு ஒன்று தோன்றும். நோயின் கையெழுத்து அதுவே.

செம்பனையும் காய்ச்சலும்

ஜப்பானியர் இந்நோயை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆற்றுவெளிகளில் உழைப்போரைத் தாக்கிய இதனை அவர்கள் சுட்சுகாமுஷி நோய் என்றனர். சுமத்ராவின் டெலிப் பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய காய்ச்சல் காணப்பட்டது.

மலாயாவில் 1917ஆம் ஆண்டு, கோலசிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்ப் பெயர் தாங்கிய தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வாணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் செம்பனைத் தோட்டங்கள் பெருகின. பால்மரத் தோட்டங்களில் அடிநிலம் பெரும்பாலும் களையெடுக்கப்பட்டு வெறுமையாய்க் கிடக்கும். இளஞ்செம்பனைக் காட்டிலோ மரங்களுக்கிடையே புல் மண்டும். உதிர்ந்த பழங்களைத் தின்ன எலிகள் பெருகும். எலி பெருகிய இடத்தில் சிற்றுண்ணியும் பெருகும். அந்தப் புல்லினூடே நடந்தோரும், குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினோரும் நம்மவரும் ஜாவானியருமே.

1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், வில்லியம் பிளெட்சர், லெஸ்லர் என்னும் இருவர் 1920களின் நடுவில் இக்காய்ச்சலை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது வியப்புக்குரியது. மலாயாவில் டைபஸ் காய்ச்சல் இருவகையாய் இருந்தது. ஒன்று, நகரத்துக் கடைகளில் இருப்போரைப் பற்றியது. மற்றொன்று, புதரிலும் தோட்டத்திலும் உழைப்போரைப் பற்றியது. கிங்ஸ்பரி என்பார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நுண்ணுயிர் ஒன்று, தோட்ட நோயாளரின் குருதி நீரோடு மட்டும் சேர்ந்து திரண்டது. நகரத்து நோயாளரின் குருதி நீரோ வேறொரு வகையைத் திரளச் செய்தது. கிங்ஸ்பரியின் முதலெழுத்தாகிய 'கே' என்பதே அச்சோதனைக்கு அடையாளமாய் நிலைத்தது. அதே சோதனை பின்னர் உலகின் பல நாடுகளுக்கும், தமிழகத்து மருத்துவமனைகளுக்கும் சென்றது. 1940இல், மலாயாவின் தோட்ட டைபஸும் ஜப்பானியரின் சுட்சுகாமுஷியும் ஒரே நோயே என லூத்வெயிட்டும் சவூரும் உறுதி செய்தனர்.

மருந்து வந்த கதை

நோயை அறிந்தும் மருந்தில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான போர்வீரர் இந்நோயால் விழுந்தனர். தொழிலாளரைத் தாக்கியபோது மெல்ல நடந்த ஆராய்ச்சி, படையைத் தாக்கியபோது ஓடத் தொடங்கியது. இவ்வுண்மையையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

1947இல், வெனிசுவேலா நாட்டு மண்ணில் எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்கக் குழு ஒன்று அம்மருந்துடன் கோலாலம்பூர் வந்து, நம் ஆராய்ச்சிக் கழகத்தாரோடு இணைந்து நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தது. இரு வாரத்திற்கு மேலும் நீடிக்கும் காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தது. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அதே நாட்டில் நிகழ்ந்த அமைதியான வெற்றி இது.

வெற்றி அதனோடு நிற்கவில்லை. சிற்றுண்ணிக் காய்ச்சல் எனக் கருதி மருந்து பெற்றோருள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு எனப் பின்னர் தெரிந்தது; அவர்களும் தேறினர். டைபாய்டுக்கும் இதுவே மருந்தென அவ்வாண்டே உலகறிய உரைக்கப்பட்டது. ஒரு தவறான கணிப்பு, உலகெங்கும் எண்ணற்ற உயிர்களைக் காத்த உண்மைக்கு வழிவிட்டது.

போருக்குப்பின் இங்கு ஆராய்ந்த ரால்ப் ஆடி என்னும் அறிஞர், நோய் வாழும் நிலத் திட்டுகளை ஆய்ந்து, காட்டை வெட்டிப் பின் கைவிடும் மனிதனின் செயலே இப்பகைக்கு வீடு கட்டித் தருகிறது என விளக்கினார். 1984இல் வெளிவந்த ஆய்வொன்று, நாட்டுப்புற மருத்துவமனையில் சேர்ந்த 1,629 காய்ச்சல் நோயாளரை எடுத்துக்கொண்டது. அவர்களுள் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கு இந்நோய். செம்பனைத் தொழிலாளருள் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பத்தேழு பேருக்கு! மலேரியா அவ்வட்டாரத்தில் ஆறு விழுக்காடே.

யான் கண்டது

அந்நாற்பத்தேழு விழுக்காடு எனக்கு வெறும் எண்ணன்று. 1970களின் இறுதியில் நாங்கள் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோம். உதிரிப்பழம் பொறுக்கப் போய்வந்த என் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிரெசர் மலேரியா மருந்து கொடுத்தார், தணியவில்லை. எட்டாம் நாள் மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். முதியவரான மிஸ்ஸி ஒருவர் திரையை இழுத்துவிட்டு, "உடம்பில் எங்காவது கருப்புக் காயம் இருக்கிறதா அம்மா?" என்று வினவினார். அம்மா வெட்கத்தால் பதில் கூறவில்லை. அவரே தேடிச் சேலைக்கட்டின் கீழ் இடுப்பில் அதனைக் கண்டார். மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் அம்மா கஞ்சி கேட்டார்.

அதே மாதம், அடுத்த லயத்துப் பெரியவர் ஒருவர் காய்ச்சலோடே மாண்டார். அவர் உடலில் எவரும் தேடவில்லை. அவருக்கு வந்தது எந்நோய் என்று யான் இன்றும் சொல்ல இயலாது. அவ்வாறு பெயரறியாக் காய்ச்சலால் போனவர் எத்தனை பேரோ! லைம் நகரத்துத் தாய்மாரின் குரலை உலகம் கேட்டது. நம் லயத்துத் தாய்மாருக்குக் கேட்க வேண்டிய கேள்வியே தெரிந்திருக்கவில்லை.

ஆசிரியர் செய்யத் தக்கது

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் நெறி. அந்நெறி மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. சாரணர் முகாமுக்கும் காட்டு நடைக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் நாம், சில செய்திகளை அவர்க்குச் சொல்லுதல் கடன். புல்தரையில் வெறுமனே படுத்தலும் உட்கார்தலும் ஆகா. கைகால் மறைய உடுத்து, பூச்சி விரட்டும் மருந்து பூசிச் செல்க. திரும்பியதும் குளித்து, உடையைத் துவைத்திடுக. இரு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் காட்டுக்குச் சென்றதை முதலில் கூறுக. உடலில் கரும்பொருக்கு இருப்பின் வெட்கமின்றிக் காட்டுக. இன்று டாக்சிசைக்கிளின் போன்ற எளிய மருந்துகள் உள்ளன. காலம் தாழ்த்தினால் இந்நோய் உயிர்க்கு இறுதியாகலாம்.

வரலாற்றுப் பாடத்திலும் ஒரு கடன் உண்டு. ஆராய்ச்சி ஏடுகளில் பிளெட்சர், லூத்வெயிட், ஸ்மேடல் பெயர்கள் உள்ளன. அவை இருக்கத் தக்கனவே. ஆயின் தம் குருதியைத் தந்து அவ்வுண்மைகள் விளங்க உதவிய தோட்டத்து நோயாளர் அங்கே எண்களாகவே நிற்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னிருந்த முகங்களை நினைவுகூரக் கூடியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர் தம் பாட்டியிடம் சென்று, "தோட்டத்தில் வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதி வரட்டும். நூல்களில் இல்லாத ஒரு பக்கம் அதனால் நிறையும்.