ஹெர்ட்ஸ் கணக்கில் புகுந்த ரூட் இரண்டு

வேகம் = அதிர்வெண் × அலைநீளம். நம் கல்லூரியில் படித்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் முதன்முதலில் இதை ரேடியோ அலைக்குப் போட்டுப் பார்த்தவருக்கு விடை தப்பாக வந்த கதை நமக்குப் பாடத்தில் வரவில்லை.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1887-88இல் செய்த சோதனை அது. ஒரு பக்கம் தீப்பொறி பறக்கும் அலைபரப்பி. மறுபக்கம் சின்ன இடைவெளி விட்ட கம்பி வளையம். வளையத்தை நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் பொறி பெரிதாகும், இன்னோரிடத்தில் அணைந்துவிடும். அணையும் இடங்களின் தூரத்தை அளந்தால் பாதி அலைநீளம் கிடைத்துவிடும். கம்பி வழியே போன அலைக்கு அது 2.8 மீட்டர். இருட்டறையில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொறியை வைத்து!

அதிர்வெண்ணுக்குத்தான் திண்டாட்டம். அவ்வளவு வேகமான அதிர்வை எண்ண அன்று எந்தக் கருவி இருந்தது? இண்டக்டன்ஸ், கெபாசிட்டன்ஸ் இரண்டையும் வைத்துக் கணக்குதான் போட வேண்டும். அரை அதிர்வுக்கு 14 நானோ விநாடி என்று வந்தது. வகுத்தால் விநாடிக்கு 2,00,000 கி.மீ. ஒளியின் வேகமோ கிட்டத்தட்ட 3,00,000. போதாக்குறைக்கு, காற்றில் அலை கம்பியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதாகத் தெரிந்தது. மாக்ஸ்வெல் கொள்கைப்படி இரண்டும் சமமாக இருக்க வேண்டும்!

ஹெர்ட்ஸ் மறைக்கவில்லை, வந்ததை வந்தபடியே வெளியிட்டார். கெபாசிட்டன்ஸை இரட்டிப்பாக எடுத்திருக்கிறார் என்று பிரான்சின் பொயன்காரே பின்னர் கண்டுபிடித்தார். அதிர்வு நேரம் கெபாசிட்டன்ஸின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அல்லவா? 14ஐ ரூட் 2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10. கம்பியில் வேகம் சுமார் 2,80,000 ஆகிவிட்டது. 1892இல் கட்டுரைகளைப் புத்தகமாக்கியபோது பழைய கணக்கை அழிக்காமல், பிழையைக் குறிப்பில் ஒப்புக்கொண்டார். அந்தக் குறிப்புதான் எனக்கு அவர் மேல் மரியாதையைக் கூட்டியது.

காற்றுக் கணக்கு ரூட் 2ஆல் சரியாகவில்லை, இன்னும் மோசமானது. காரணம் அறை. சுவர்களிலும் இரும்புச் சாமான்களிலும் அலை மோதித் திரும்பிக் குழப்பியிருக்கிறது. ஜெனீவாவில் சாராசின், தெ லா ரீவ் என்ற இருவர் பெரிய கூடத்தில் 1893இல் அளந்து, இரண்டு வேகமும் ஒன்றே என்று காட்டினார்கள். மறு வருஷம் புத்தாண்டு அன்றே ஹெர்ட்ஸ் காலமானார், வயது 36.

அலைநீளம், அதிர்வெண் இரண்டையும் லேசரில் நேரடியாக அளந்து பெருக்கிப் பார்க்க 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1983இல் ஒளிவேகத்தையே விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிர்ணயித்துவிட்டார்கள். அதன்பின் அதிர்வெண்ணை மட்டும் அளந்தால் போதும், அலைநீளம் வகுத்தலில் வந்துவிடும்.