கப்பலேறிய கணினியும் கரையில் நின்ற பெண்களும்

போர்க்கப்பல் வரலாற்றில் பெண்களைத் தேடினால், கப்பலின் பெயரில்தான் முதலில் கிடைக்கிறார்கள். 1983இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கோதாவரியில் ரேடார் தகவல்களைத் தொகுக்க இத்தாலியக் கணினி அமைப்பு இருந்தது. மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண் அதிகாரிகளை நம் கடற்படை எடுக்கத் தொடங்கியதோ 1992இல்தான்.

கப்பல் கணினிகளின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஜெட் விமானங்களின் வேகத்துக்கு, எதிரியின் இருப்பிடத்தைக் கையால் குறித்துக் கணக்கிடும் முறை ஈடுகொடுக்கவில்லை. 1961இல் யூனிவாக் கணினிகளைக் கப்பலில் ஏற்றிச் சோதித்தார்கள். கருவிக்கொரு கணினி என்றால் உதிரிபாகமும் பயிற்சியும் பெருகிவிடும். அதனால் 1970களில் யு.ஒய்.கே-7, யு.ஒய்.கே-20 ஆகியவை பொது மாதிரிகளாயின. வரலாறு வடிவமைப்பாளர் சீமூர் கிரேயை நினைவில் வைத்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் நினைவகத்தைச் செய்தவர்கள் யார் என்பதே என் கேள்வி.

1961இன் கணினியில் 32,768 சொற்களுக்கு இடம். சொல்லுக்கு 30 பிட். பிட்டுக்கு ஒரு காந்த வளையம் என்றால் 9,83,040 வளையங்கள். கடுகளவு வளையங்களில் மெல்லிய கம்பி கோக்கும் வேலையை அக்கால ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். பெண்ணுக்கு விரல் நுட்பமும் பொறுமையும் இயல்பு என்றார்கள். கருங்கல்காரியான எனக்கு இது புதிதல்ல. எங்கள் பக்கத்து அண்டி ஆபீசுகளில் பருப்பின் தொலி உரிப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் பெண்கள்தான். திறமையை இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை.

அதிகாரி ஆனாலும் தடை நீங்கவில்லை. நிரல்மொழி முன்னோடி கிரேஸ் ஹாப்பரை 1967இல் ஓய்விலிருந்து திரும்ப அழைத்து, கடற்படையின் நிரல்மொழிப் பயன்பாட்டைத் தரப்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆனால் 1948இன் சட்டப்படி மருத்துவக் கப்பல், போக்குவரத்துக் கப்பல் தவிர வேறெதிலும் பெண்கள் பணிபுரிய முடியாது. 1978இல் நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. போர்க்கப்பல்கள் 1994இல்தான் திறந்தன. ஹாப்பர் இறந்த பின், 1997இல் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரில் கடற்படையில் சேர்ந்தது.

நம் நாட்டில் கடற்படைப் பெண்களின் நிரந்தரப் பணி உரிமையை உறுதிப்படுத்த உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஹாப்பருக்காவது பெயர் மிஞ்சியது. கம்பி கோத்தவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் அண்டி ஆபீஸ் பெண்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத நமக்கு இன்னும் நேரமிருக்கிறது.