உதிர்ந்துபோன ‘சீமை’: கருவேலப் பெயர்க் குழப்பத்தின் வரலாறு

சீமைக் கருவேலத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரே பெயர் கிடையாது. சீமைக்கருவை என்பார்கள், காட்டுக்கருவை என்பார்கள், வேலிக்காத்தான் என்பார்கள். தெற்கே சில ஊர்களில் வெறும் ‘உடை’. குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு மரத்துக்கும் அதே ‘உடை’தான் பெயர். இந்தக் குழப்பத்தை ஊராரின் அறியாமை என்று தள்ளிவிடுவது வழக்கம். சான்றுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முதலில் பெயரிட்டவர்கள் தெளிவாகவே இட்டார்கள். அடைமொழி உதிர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி, விடுதலைக்குப் பின் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டது என்ற பேச்சு இன்றும் பரவலாக உண்டு. வனத்துறை வரலாறு அதைவிடப் பழையது. சென்னை மாகாண வனப் பாதுகாவலர் பெட்டோம் 1876-இல் விதை கேட்டு எழுதினார். 1877-இல் கடப்பைப் பகுதியின் கமலாபுரத்தில் நட்டார்கள். பிற்கால விதைப்புகள் பரவலைக் கூட்டியிருக்கலாம், ஆனால் வருகை அப்போதே நிகழ்ந்துவிட்டது. பெயர்களும் இதற்கு ஒத்துவருகின்றன. தெலுங்கில் சர்க்கார் தும்ம, கன்னடத்தில் பள்ளாரி ஜாலி, இந்தியில் விலாயத்தி பபூல், தமிழில் சீமைக் கருவேலம். நான்கிலும் பின்பாதி, ஊரறிந்த வேல மரத்தின் பெயர். முன்பாதி, புதியது வந்த வழியையோ கொண்டுவந்த கையையோ குறிக்கிறது. சீமை ஓடு, சீமை எண்ணெய் என்ற வரிசையில் இதையும் வைத்தவர்கள், இது நம்முடையதன்று என்பதைப் பெயரிலேயே பதித்துவிட்டார்கள்.

நாட்டார் பெயர்களை விட்டுவிட்டு அறிவியல் பெயரையே வழங்கலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெயரும் நிலையாக இருந்ததில்லை. 1788-இல் ஸ்வார்ட்ஸ் இதை மிமோசா என்றார். 1825-இல் டி கண்டோல் புரோசோபிஸ் ஆக்கினார். 2022-இல் நெல்டுமா ஆயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில், கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னியும் இதுவும் ஒரே பேரினத்தில் இருந்தன. தமிழில் இவ்விரண்டுக்கும் பெயர் ஒட்டே இல்லை. அந்த இடத்தில் ஊர்ப் பெயரே தெளிவாக இருந்தது.

‘சீமை’ உதிர்ந்தால் நாட்டு மரத்துக்கும் இதற்கும் மிஞ்சுவது ‘கருவேலம்’ என்ற ஒரே பெயர். ஆனால் கிளையைக் கையில் எடுத்தால் ஐயமே எழாது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய், விதைக்கு விதை இடுங்கி மணிமாலைபோல் தொங்கும். சீமைக் கருவேலத்தின் பூவோ வெளிறிய நீள் கதிர். காய் தட்டையாக, முற்றினால் வைக்கோல் நிறத்தில், இனிப்பான சதையோடு இருக்கும்.

கண்மாய்களில் நாட்டுக் கருவேலத்தையும் சமூகக் காடுகள் திட்டத்தில் அரசுதானே வளர்த்தது, இரண்டையும் சேர்த்து அகற்றினால் என்ன என்று கேட்போர் உண்டு. கண்மாயில் நாட்டுக் கருவேலம் எவ்வளவு நிற்கலாம் என்பது தனியாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய பொருள். அதை அகற்றுவது பெயர் மயக்கத்தில் தானாக நடந்துவிடக் கூடாது. அகற்றும் முறையும் வேறு: சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும், வேரோடு பெயர்க்க வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும், அதே ஆண்டில் இடைக்காலத் தடை வந்ததும் நினைவிருக்கும். இத்தகைய பணிக்கு, ‘கருவேலம் அகற்றும் பணி’ என்று மட்டும் எழுதிய ஓர் ஏல அறிவிப்பு எந்த மரத்தைச் சொல்கிறது என்பதை அரிவாள் பிடித்தவர் ஊகிக்க நேர்கிறது. சீமை என்ற சொல்லோடு பூ, காய் அடையாளமும் அந்த அறிவிப்பிலேயே இருந்தாக வேண்டும்.