உணவிடுவோரும் கருத்தடையும்: சிங்கப்பூர்ப் பேட்டைகளின் சமூகப் பூனைகளை முன்வைத்து

தெருப்பூனைகளின் பெருக்கம் குறித்த விவாதங்களில் உணவிடுதலும் கருத்தடையும் பெரும்பாலும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. முன்னது இரக்கத்தின்பாற்பட்டது, தொல்லையை வளர்ப்பது என்றும், பின்னது அறிவியலின்பாற்பட்டது, தொல்லையைக் குறைப்பது என்றும் கருதப்படுகிறது. இப்பிரிவினை பிழையானது என்பதும், நாள்தோறும் உணவிடுபவரின் கண்காணிப்பு இல்லாத இடத்தில் கருத்தடை தன் பயனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லும் முறையும்

எந்த வீட்டுக்கும் உரியதாக இல்லாமல் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் வாழும் பூனை சிங்கப்பூரில் ‘சமூகப் பூனை’ எனப்படுகிறது. அதற்கு உணவிட்டு, நோய்நொடி பார்த்து வருபவர் ‘பராமரிப்பாளர்’ ஆவார். ‘பிடித்தல், கருத்தடை செய்தல், திரும்ப விடுதல்’ என்னும் முறையில், பூனையைப் பொறிக்கூண்டில் பிடித்து, பெண்ணாயின் சூலகங்களையும் ஆணாயின் விரைகளையும் அறுவை சிகிச்சையால் அகற்றி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவர். மயக்கநிலையில் இருக்கும்போதே ஒரு காதின் நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டப்படுகிறது. சண்டையில் கிழிந்த காதின் ஒழுங்கற்ற விளிம்பிலிருந்து இந்த நேர்வெட்டு தொலைவிலேயே வேறுபட்டுத் தெரிவதால், அதே பூனை மறுமுறை கூண்டுக்கும் மயக்க மருந்துக்கும் ஆளாகாமல் தப்புகிறது.

எண்ணிக்கையின் தர்க்கம்

பெண் பூனை நான்கு முதல் ஆறு மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள்களே. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அது மீண்டும் சினையாகலாம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இனப்பெருக்கம் தணிகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலோ பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாதிருப்பதால் அந்த இடைவெளிகூட வாய்ப்பதில்லை.

இத்தகைய உயிரினத்தைப் பிடித்து அகற்றினாலே எண்ணிக்கை குறைந்துவிடும் என்னும் எண்ணம் இயல்பானதே. ஆயினும் டாஸ்மேனியாவில் லேசன்பி முதலியோர் நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், நாற்புறமும் திறந்த இரு காட்டுப்பகுதிகளில் பூனைகளைக் குறைந்த அளவில் கொன்று அகற்றியபோது எண்ணிக்கை குறையாமல் உயர்ந்தது. காலியான எல்லைக்குள் புதிய பூனைகள் நுழைந்ததே அதற்குரிய காரணமாகக் கருதப்பட்டது. மறுபுறம், கருத்தடையும் எளிதில் பயன் தந்துவிடுவதில்லை. கலிபோர்னியாவின் சான் டியகோ, புளோரிடாவின் அலச்சுவா ஆகிய மாவட்டங்களின் தரவுகளைக் கொண்டு ஃபோலி முதலியோர் 2005இல் செய்த கணிப்பின்படி, எண்ணிக்கை சரிய வேண்டுமாயின் பூனைகளில் 71 முதல் 94 விழுக்காடு கருத்தடை பெற்றிருக்க வேண்டும். இஸ்ரேலின் ரிஷோன் லெசியோன் நகரில் நடந்து 2022இல் வெளியான பன்னிரண்டு ஆண்டு ஆய்வும் இதை ஒட்டியே அமைகிறது. நகரின் சில பகுதிகளில் மட்டும் கருத்தடை நடந்தபோது குறையாத எண்ணிக்கை, நகர் முழுவதும் இடைவிடாமல் நடந்த பிறகே சரியத் தொடங்கியது.

ஆகவே, ஒரு பகுதியில் எத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன என்பதைவிட, கருத்தடை பெறாத பூனைகள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

உணவிடுபவரின் அறிவு

அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் பராமரிப்பாளரே. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தட்டு வைக்கப்படும்போது பூனைகள் தாமாகவே வந்து கூடுகின்றன. நாளும் பார்த்துப் பழகிய கண், காது வெட்டப்படாத புதுமுகத்தையும், வயிறு சரிந்து வரும் பெண் பூனையையும், இரண்டு நாளாக வராமல் போனதையும் உடனே கண்டுகொள்கிறது. பிடிக்க வேண்டிய நாளுக்கு முன்னிரவு மற்றவர்களையும் உணவிடாமல் நிறுத்திவைப்பதும், பசித்து வரும் பூனை கூண்டின் மிதிபலகையைத் தாண்டி உள்ளே செல்லும்படி மீனை ஆழத்தில் வைப்பதும், கதவு விழுந்த நொடியில் துணியால் மூடி அதன் பதற்றத்தைத் தணிப்பதும் அவர் அறிந்த வேலைகள். உணவிடுதலைத் தண்டனைக்குரியதாக்கும் பேட்டையில் இவர் மறைந்துவிடுவதில்லை. இருட்டிய பிறகு, வெவ்வேறு மூலைகளில் உணவை வைத்துவிட்டு விரைகிறார். உணவு எஞ்சுகிறது, எலியும் எறும்பும் சேர்கின்றன, கணக்கு மட்டும் இல்லாமற்போகிறது.

கொள்கையின் போக்கு

கணக்கு தெரிந்தால்தான் கருத்தடை பயன் தரும் என்னும் உண்மையை வந்தடையச் சிங்கப்பூரின் கொள்கை வரலாற்றுக்கு நீண்ட காலம் பிடித்தது. 1998இல் அரசு தொடங்கிய தெருப்பூனைக் கருத்தடைத் திட்டம் 2003இல் சார்ஸ் நோய்க்காலத்தில் நிறுத்தப்பட்டது. பணியைப் பூனை நலச் சங்கமும் தன்னார்வலர்களும் தம் தோளில் சுமந்தனர். 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு இருந்த தடை சிக்கலை இறுக்கியது. மறைத்து வளர்க்கப்பட்ட பூனை கணக்கில் வராது. புகார் எழுந்தால் அது கீழ்த்தளத்தில் கைவிடப்படும் நிலையும் இருந்தது. 2012இல் சோங் பாங் வட்டாரத்தில் தொடங்கிய முன்னோடித் திட்டம், கருத்தடையையும் நுண்சில்லுப் பதிவையும் நிபந்தனையாக்கி வீட்டில் பூனை வளர்க்க அனுமதித்தது. 2024 செப்டம்பர் 1 முதல் தடை முழுமையாக நீங்கி, உரிமத்துடன் வீட்டுக்கு இரு பூனைகள் வளர்க்க வழி பிறந்தது.

மறுப்பும் முடிவும்

பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் பூனைகள் விளைக்கும் கேடு மெய்யானது. தரையில் கூடு கட்டும் பறவைகள் வாழும் தனித்தீவுகளில் பூனைகளை முற்றாக அகற்றுவதே பொருந்தும். ஆனால் கடலால் அடைபட்ட சிறு தீவில் மீண்டும் நுழைய வழியில்லை. அடுக்குமாடிப் பேட்டையிலோ அடுத்த புளோக்கிலிருந்து மறுநாளே வேறொரு பூனை வந்துவிடும். அங்கே பறவைகளைக் காப்பதற்கும் குறைந்து முதிர்ந்துவரும் பூனைக்கூட்டமே உகந்தது. புளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1996இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002இல் 23 ஆகக் குறைந்தமைக்குக் கருத்தடையோடு, பழகிய பூனைகளுக்குத் தன்னார்வலர் வீடு தேடித் தந்ததும் காரணமாகும்.

எனவே நகர மன்றங்கள் பராமரிப்பாளர்களைப் புகாருக்குரியவர்களாக நடத்தாமல் பணியின் பங்காளிகளாகப் பதிவு செய்து, உணவிடும் நேரத்தையும் இடத்தையும் வரையறுத்து, கூண்டும் மருத்துவச் செலவும் தந்துதவ வேண்டும். வெட்டப்படாத காதுடன் தட்டருகே வந்து நிற்கும் ஒரு பூனையை அன்றைக்கே கண்டு சொல்ல ஒருவர் இருக்கும்வரைதான் ஒரு பேட்டையின் கருத்தடைத் திட்டம் உயிரோடிருக்கிறது.