வீட்டுப் பிளானை வாசிப்பது எப்படி? பொறியியல் வரைதலும் கணினி வடிவமைப்பும்

கண்டியில் நான் நடத்தும் வரைதல் வகுப்புக்கு வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலர் வருகிறார்கள். முதல் நாளே அவர்கள் கேட்பது, "சேர், ஓட்டோகாட் எப்ப படிப்பிப்பீங்கள்?" என்பதுதான். ஆனால் முதல் இரண்டு கிழமையும் பென்சிலும் மூலைமட்டமும்தான். மென்பொருள் கோட்டை நேராகப் போடும். எந்தக் கோடு எங்கே வரவேண்டும் என்பதை வரைபவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

இது மாணவருக்கு மட்டும் தேவையான அறிவல்ல. போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிகளே முன்னின்று கட்டினார்கள். 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. மேசனோடு பேசுவது, சீமெந்து வாங்குவது, அத்திவாரம் பார்ப்பது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. எத்தனையோ வீடுகளில் அது தனித்து நின்ற ஒரு பெண்ணின் பொறுப்பு. பிளானை வாசிக்கத் தெரிந்தவர் கேள்வி கேட்கலாம். தெரியாதவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

மூன்று பார்வைகள்

ஒரு பொருளை முன்னிருந்து பார்த்து வரைவது முன்நிலைப்படம். பக்கத்திலிருந்து பார்த்தால் பக்கநிலைப்படம். மேலிருந்து பார்த்தால் கிடைப்படம். முதற்கோண எறிய முறையில் கிடைப்படம் முன்நிலைப்படத்துக்கு நேர் கீழே வரும்; மூன்றாங்கோண முறையில் மேலே வரும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தொடர்கோடு, மறைந்த விளிம்புக்கு முறிகோடு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் காஸ்பார் மொஞ்ச் இதற்கான கணிதத்தை வகுத்தது கோட்டைகளை வடிவமைப்பதற்காக. அதை நீண்டகாலம் இராணுவ இரகசியமாகவே வைத்திருந்தார்கள். இன்று அதே கணிதத்தில்தான் எங்கள் வீட்டுப் பிளானும் வரையப்படுகிறது.

வெட்டுமுகம்

பொருளை நடுவே வெட்டியதாக எண்ணி உள்ளே தெரிவதை வரைவது வெட்டுமுகம். தெல்தெனியப் பக்கம் உள்ள விக்டோரியா அணை இதற்கு நல்ல உதாரணம். 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான இந்த அணை மேலிருந்து பார்த்தாலும் வளைவு, குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் வளைவு. ஒரு படத்தால் அதைச் சொல்லிவிட முடியாது.

வீட்டுக்கும் அப்படித்தான். கண்டி மலைச்சரிவில் மண்ணை எவ்வளவு வெட்டுகிறார்கள், தாங்குசுவர் எங்கே வருகிறது என்பது வெட்டுமுகத்தில்தான் தெரியும். வன்னியின் சமநிலத்தில் அது அத்திவாரத்தின் ஆழத்தையும் யன்னலுக்கு மேல் ஓடும் கொங்கிறீட் பீமையும் காட்டும். கட்டி முடிந்த பிறகு கண்ணால் பார்க்க முடியாதவை இவை. ஆகவே கிடைப்படத்தோடு மட்டும் நிற்காமல் வெட்டுமுகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அளவிடை

1:50 என்றால் தாளில் 1 மி.மீ. நிலத்தில் 50 மி.மீ. 3 மீற்றர் அறை தாளில் 60 மி.மீ. ஆக இருக்கும். 1:100 என்றால் 30 மி.மீ. இங்கே ஒரு எச்சரிக்கை. ஏ3 தாளில் உள்ள பிளானை ஏ4 தாளுக்குச் சுருக்கிப் போட்டோப்பிரதி எடுத்தால் அந்த 60 மி.மீ. கோடு ஏறத்தாழ 42 மி.மீ. ஆகிவிடும். அடிமட்டத்தை வைத்து அளந்தால் 3 மீற்றர் அறை 2.1 மீற்றர் என்றே காட்டும். பிளானில் எழுதியுள்ள அளவையே பின்பற்ற வேண்டும். எழுதாத அளவை வரைந்தவரிடம் கேட்டு எழுதுவிக்க வேண்டும்.

கணினிக்குப் போகும்போது

கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஐவன் சதர்லண்ட், திரையில் ஒளிப்பேனாவால் வரையும் 'ஸ்கெச்பாட்' என்ற நிரலை முன்வைத்தார். ஓட்டோகாட் 1982இல் வெளிவந்தது.

கணினியில் வரையத் தொடங்குவோருக்கு நான் சொல்வது நான்கு. முதலில் அலகை மில்லிமீற்றர் என்று தீர்மானியுங்கள். எதையும் உண்மை அளவிலேயே வரையுங்கள். 3 மீற்றர் சுவருக்கு 3000 என்றே கொடுங்கள். அளவிடை அச்சிடும்போது மட்டும் வரும். சுவர், கதவு யன்னல், மின்சாரம், அளவுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் வையுங்கள். கோட்டின் முனைகளைக் கண்மட்டாக அல்லாமல் ஸ்னாப் வசதியால் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மூலையில் சிறு இடைவெளி விழுந்து, பரப்பளவைக் கணக்கிடும்போது சிக்கலாகும்.

காசு இல்லையென்று தயங்க வேண்டாம். இருபரிமாண வரைதலுக்கு லிப்ரேகாட், முப்பரிமாணத்துக்கு ஃபிரீகாட் இரண்டும் இலவசம். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஓட்டோகாட்டின் கல்வி உரிமமும் இலவசமாகக் கிடைக்கும்.

வகுப்பில் நான் கொடுக்கும் முதல் பயிற்சி, தங்கள் சொந்த வீட்டை அளவு நாடாவால் அளந்து 1:50இல் வரைவது. வாசிப்பவர்களும் செய்து பார்க்கலாம். ஒரு நாடாவும் பென்சிலும் போதும். தன் வீட்டை ஒருமுறை வரைந்தவருக்கு அடுத்த வீட்டின் பிளானை வாசிப்பது கடினமாக இராது.