தேனும் சேனையும்

குறிஞ்சி நிலத்துத் தமிழன் உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுத்தான். பாறை முகட்டிலிருந்து ஏணி தொங்கவிட்டு, புகை எழுப்பி, மலைத்தேனீக்கு அஞ்சாது அடை அறுத்தான். தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் கள்ளும் மாற்றிச் சென்ற மக்களைக் கரிகாலன் நாட்டில் காட்டுகிறது பொருநராற்றுப்படை. அங்கே தேன் ஒரு பண்டம், உழைத்தவன் கைப்பொருள். ஸ்பெயின் நாட்டு அரானா குகையிலும் கயிற்றில் தொங்கித் தேனெடுக்கும் உருவம் ஒன்றைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீட்டி வைத்திருக்கிறார்கள்.

எகிப்திய மருத்துவர் புண்ணுக்குத் தேன் தடவினர். காரணம் அவர்கள் அறியார், பயன் அறிந்தனர். காரணத்தை நாம் அறிவோம். நல்ல தேனில் நீர் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவு, புளிப்புத்தன்மையும் உண்டு. தேனீ சேர்க்கும் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. கிருமி அதில் பிழைப்பது அரிது.

ஆனால், கிருமியின் நுண்வித்து பிழைத்திருக்கும்! போட்டுலினம் என்னும் கிருமியின் வித்து தேனில் உறங்கிக் கிடப்பதுண்டு. வளர்ந்தோர் குடலில் அது முளைப்பதில்லை. முதிராத பச்சிளங்குழந்தையின் குடலிலோ முளைத்து நஞ்சு கக்கும். மலம் கட்டும், அழுகுரல் மெலியும், பால் உறிஞ்ச வலுவிராது, மூச்சே நின்றுபோகவும் கூடும். 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் இனங்காணப்பட்டது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்று அதன்பின் மருத்துவ உலகம் விதித்தது. வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அவ்வித்து சாகாது.

நம் வீடுகளிலோ, பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சருக்கரை நீரோ தொட்டு வைத்துச் ‘சேனை’ என்கிறோம். வைப்பவர் குணம் குழந்தைக்கு வருமாம்! அதற்காகவே வசதியான உறவினரைத் தேடிப் பிடிக்கிறார்கள். குணம் நாக்கு வழியே ஏறுமென்றால் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுத் தேன்கடை திறந்துவிடலாமே! மனுநூலும் தொப்புள்கொடி அறுக்குமுன் மந்திரம் ஓதி, ஆண்மகவுக்குப் பொன்னும் தேனும் நெய்யும் ஊட்டச் சொல்கிறது. பெண்மகவுக்கு அச்சடங்கு மந்திரமின்றி நடக்கட்டுமாம்! தேனில் உறங்கும் வித்துக்கு மந்திரமும் தெரியாது. ஆண், பெண் என்ற பேதமும் தெரியாது.

பாட்டியின் அன்பை நாம் பழிக்கவில்லை. அவர் கையிலுள்ள கிண்ணத்தைத்தான் தடுக்கிறோம். பிறந்த மகவுக்கு முதலில் வேண்டியது தாயின் சீம்பால். முதலாண்டு கழியட்டும், இரவு இருமலுக்கு ஒரு சிறு கரண்டி தேன் இதமளிக்கும். அதுவரை, சேனைக் கிண்ணத்தோடு வரும் மாமனிடம் அதைத் தாமே அருந்திவிடச் சொல்வோம்.