ஆலம்பரை: அக்கசாலை போனது முதலில், கோட்டை போனது பிறகு

மரக்காணம் என்றதும் நமக்கெல்லாம் உப்பளம்தான் நினைவுக்கு வரும். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய், கடப்பாக்கத்தில் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. உள்ளூர்க்காரர்களிலேயே பலர் போனதில்லை. போன மாதம் நண்பர்கள் நான்கு பேராக ஒரு காலைப் பொழுது அங்கே சுற்றினோம். அதைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

சுமார் 15 ஏக்கர் இடம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மதில், பாதி நிற்கிறது, பாதி சரிந்து கிடக்கிறது. கல்கோட்டை இல்லை, அதனால் செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இது மன்னன் குடியிருந்த கோட்டை அல்ல. கழிமுகத்தை ஒட்டி, சரக்கு ஏற்றி இறக்க வசதியாகக் கட்டிய வியாபாரக் கோட்டை. கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகத் தோணித்துறையும் இருந்தது.

இந்தக் கரைக்குக் கடல் வாணிகம் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். நம் பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த நீண்ட கதையில் ஆலம்பரை கடைசி அத்தியாயம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இது நல்ல துறைமுகம். துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கிருந்து ஏற்றுமதி ஆயின. அதைவிட முக்கியம், இங்கே நாணயம் அடிக்கும் அக்கசாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்று ஒரு காசே பெயர் பெற்றிருந்தது.

அக்கசாலைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? ஐரோப்பியக் கம்பெனிகள் நம் துணியை வாங்க வெள்ளியைத்தான் கப்பலில் கொண்டுவந்தன. வெள்ளிக் கட்டியை நெசவாளியிடம் நீட்ட முடியாது. அதை இந்த நாட்டுச் செலாவணியாக அடித்தாக வேண்டும். அடித்துக் கொடுப்பவருக்குக் கூலி. அக்கசாலை உள்ள ஊருக்கு வெள்ளி வரும், வெள்ளியோடு சராப்பு வருவார், வியாபாரி வருவார், கப்பலும் வரும்.

1736இல் இந்த நிலை மாறியது. புதுச்சேரி கவர்னர் துய்மா, நவாபு தோஸ்த் அலிகானிடமிருந்து புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றுவிட்டார். முகலாயப் பாதுஷா பெயரிலேயே, ஆற்காட்டு ரூபாயாகவே அடித்தார்கள். இனி பிரெஞ்சுக்காரர் தங்கள் வெள்ளிக்கு வேறு ஊர் அக்கசாலையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு குண்டு வெடிக்காமல், ஒரு காகிதத்தால் ஆலம்பரையின் உயிர்நாடி தெற்கே நகர்ந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் அதே 1736 செப்டம்பரில்தான். அவர் எழுதிய இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள் ஆலம்பரையின் மிச்சக் கதையும் முடிந்துவிட்டது.

1750இல் முசாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்காக ஆலம்பரையை தூய்ப்ளேவுக்குக் கொடுத்தார். பத்தே வருஷம். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. வென்ற ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆலம்பரையைப் பிடித்து இடித்தார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எதிரிக்கு ஒரு துறைமுகம் இருந்தால் ஆபத்து அல்லவா? 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடியிருந்தார்.

புதுச்சேரியின் மதிலையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் புதுச்சேரி மறுபடி எழுந்தது, ஆலம்பரை எழவில்லை. நான் நினைப்பது இதுதான். மதில் இடிந்ததால் ஓர் ஊர் அழிவதில்லை. திரும்ப வந்து கட்டுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனால்தான் அழிகிறது. ஆலம்பரைக்கு அந்தக் காரணம் 1736இலேயே பாதி போய்விட்டது.

உப்பு மட்டும் போகவில்லை. 1805இல் கம்பெனி, சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பின்னாளில் காக்கிநாடாவிலிருந்து வந்த பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தோடு முடிந்தது. இங்கிருந்து உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போனதை நம் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். நவாபு, பிரெஞ்சு, கம்பெனி என்று எல்லாரும் வந்து போய்விட்டார்கள். பாத்தியில் காலை ஊன்றி உப்பு வாரும் ஆளுக்கு மட்டும் இன்றும் அதே வெயில், மழை வந்தால் அதே வேலையில்லா மாதங்கள். அவர்களுக்கு ஒரு மதிலும் கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

பீரங்கி விட்டுவைத்ததை இப்போது உப்புக்காற்று தின்கிறது. 2004 டிசம்பர் சுனாமி இன்னும் கொஞ்சம் கொண்டுபோயிற்று. போதாததற்கு, வருகிறவர்கள் சுவரில் பெயரைக் கிறுக்குகிறார்கள், மேலே ஏறிப் படம் எடுக்கிறார்கள். சுண்ணாம்பு உதிர்கிறது.

முடிந்தவர்கள் பேரன் பேத்தியை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது, பிறகு வெயில் தாங்காது. குடிநீர் கையோடு வேண்டும். மதில் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள். திரும்பும்போது மரக்காணத்து உப்பளத்தில் வண்டியை நிறுத்தி, அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.